ஊதக் கூடாத தூசி

கணினி ஓடவில்லை என்று தொலைபேசியில் அழைப்பவர்களில் பெரும்பாலானோர் "செத்துப் போச்சு சார்" என்றுதான் தொடங்குவார்கள். கணினி பழுதுபார்க்கும் விளக்கம் சாருக்கு அது காதில் ஏறாத அளவுக்குப் பழகிப்போன வார்த்தை. அன்று மதியம் அழைத்த பெண் மட்டும் அதைச் சொல்லவில்லை. "எழுந்திரிக்க மாட்டேங்குது சார். கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா?" என்றாள். எங்கிருந்து பேசுகிறாள் என்று கேட்டபோதுதான் அவருக்குக் காரணம் புரிந்தது. நகரத்தின் ஓரத்தில் இருக்கும் தகன நிலையத்திலிருந்து பேசினாள். அந்த வார்த்தையை அங்கே ஓர் இயந்திரத்துக்குச் செலவழிக்க மாட்டார்கள்.

விளக்கம் சார் என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். பழுதைச் சரிசெய்வதோடு அவர் நிற்பதில்லை. பழுது எப்படி வந்தது, அதற்கு முன்னால் அந்தப் பொருள் எப்படி வேலை செய்துகொண்டிருந்தது என்று ஆதியோடு அந்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பையை மூடுவார். சுவிட்ச் போட்டால் விளக்கு எரியும் என்று சொல்லவே உங்களுக்கு அரைமணி நேரம் வேண்டும் என்பாள் மனைவி. அவரும் மறுக்கமாட்டார்.

தகன நிலையத்துக்கு அவர் அதற்கு முன் வேலைக்காகப் போனதில்லை. நீளமான ஓட்டுக் கட்டடம், உயரமான புகைபோக்கி, முன்னால் சிமெண்ட் தளம். தளத்தில் பின்கதவு சாத்திய வெள்ளை வண்டி ஒன்று நின்றது. அதன் நிழலில், கட்டம் போட்ட சட்டையில் ஓர் ஆள் செல்பேசியைக் காதில் வைத்தபடி நடந்துகொண்டிருந்தார். காத்திருப்பு அறையின் பெஞ்சில் ஓர் அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பெண்ணின் மூக்குக்கண்ணாடி இருந்தது. அதை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தார்.

தொலைபேசியில் பேசியவள் வாசலுக்கே வந்துவிட்டாள். நாற்பது வயது இருக்கும். நீலக் கோட்டு, கணுக்கால் வரை மறைக்கும் பூட்ஸ். அங்கே தீயைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். கூட வேலை செய்கிறவர்கள் அவளை உலையக்கா என்று கூப்பிட்டார்கள். நடந்துகொண்டே நிலைமையைச் சொன்னாள். பெஞ்சில் இருப்பவர் இறந்துபோன பெண்ணின் அம்மா. வெளியே நடப்பவர் அம்மாவின் தம்பி, பெண்ணுக்கு மாமா. பெண் உள்ளே, உலைக்கு முந்தைய அறையில், பெட்டிக்குள் இருக்கிறாள். ஆறு மணிக்கு மேல் உலையைப் பற்றவைப்பதில்லை என்று பக்கத்துக் குடியிருப்புகளோடு ஓர் உடன்பாடு உண்டு. இங்கே குளிர் அறையும் கிடையாது. ஆறுக்குள் பற்றவைக்க முடியாவிட்டால் பெட்டியைத் திரும்ப வண்டியில் ஏற்றி அடுத்த நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

"கொண்டுபோறது ஒண்ணும் கஷ்டமில்ல சார். ஆனா அந்த அம்மா வீட்ல ஒரு தடவை முகம் பார்த்து அனுப்பிட்டு வந்தாங்க. இங்க இறக்கினப்புறம் ரெண்டாவது தடவை. இனிமே ஏத்த மாட்டோம்மா, இதுதான் கடைசின்னு நான் வாய்விட்டுச் சொல்லிட்டேன். மூணாவது தடவைக்கு அவங்களுக்குத் தெம்பில்ல."

விளக்கம் சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை. வழக்கமாக இது தாராளமான நேரம்.

கட்டுப்பாட்டு அறை உலைக்கூடத்துக்கும் சாம்பலைச் சேகரிக்கும் அறைக்கும் நடுவில் இருந்தது. இரண்டு பக்கமும் கதவு. மேசையடியில் கறுப்புப் பெட்டி, மேசைமேல் திரை, சுவரில் கைப்பிடிகளும் அழுத்தமானிகளும். கையால் வால்வைத் திறந்து பற்றவைக்க முடியாதா என்று கேட்டார். முடியாது என்றாள். காற்று விசிறி சுழல்கிறதா, புகைபோக்கி திறந்திருக்கிறதா, கதவு முழுதாக மூடியிருக்கிறதா என்று எல்லாவற்றையும் கணினி பார்த்து, சரி என்று சொன்னால்தான் எரிவாயு வரும். நல்ல ஏற்பாடுதான் என்று அவருக்குத் தோன்றியது. வாயு முதலில் நிரம்பி, தீ பிறகு வந்தால் கட்டடம் மிஞ்சாது.

பொத்தானை அழுத்தினார். உள்ளே விசிறி சுழலும் சத்தம் கேட்டது. பச்சை விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

திரையை மாற்றிப் பார்த்தார். மின்சாரக் கம்பியை மாற்றிப் பார்த்தார். விசைப்பலகை, மௌஸ், உலைக்குப் போகும் கம்பி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வெறும் பெட்டியாக எழுப்பிப் பார்த்தார். சுமையை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு நிற்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் முறை. நிற்கவில்லை.

மாமா கதவருகே வந்து நின்றார். "விசிறி ஓடுதே, லைட்டு எரியுதே. அப்புறம் என்ன கேடு அதுக்கு?"

கேட்டிருக்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டார். விளக்கம் சார் பையில் எதையோ தேடிக்கொண்டே சொல்லத் தொடங்கினார். கணினி கண் விழித்ததும் முதலில் தன்னைத்தானே தடவிப் பார்த்துக்கொள்ளும். கை இருக்கிறதா, கால் இருக்கிறதா என்று நாம் பார்ப்பதுபோல. அதில் முதலில் தேடுவது நினைவகத்தை. அது சீப்பு மாதிரி மெல்லிய அட்டை, விளிம்பு முழுக்கச் செம்பொன் நிறப் பற்கள். கணினி ஒன்றை யோசிக்க வேண்டுமானால் முதலில் அங்கேதான் எழுதி வைக்கும். அந்த அட்டை கைக்குக் கிடைக்காவிட்டால் எழுத இடமில்லை. எழுத இடமில்லாவிட்டால் திரையில் காட்டவும் ஒன்றுமில்லை. எனக்கு இன்ன குறை என்று சொல்லக்கூட அதற்கு வாய் இருக்காது.

"அப்ப எப்படித்தான் தெரியும்?"

"முனகும்" என்றார் விளக்கம் சார். பையிலிருந்து பட்டன் அளவு ஒலிபெருக்கி ஒன்றை எடுத்தார். இந்தப் பெட்டிக்குள் அது இல்லை. இருந்தால் வந்தவுடனே விஷயம் தெரிந்திருக்கும். அதை மாட்டுவதற்காகத் திருகுகளைக் கழற்றிப் பக்கவாட்டுத் தகட்டை இழுத்தார்.

இத்தனை வருடங்களில் அவர் பார்க்காத தூசி இல்லை. மாவு ஆலைக் கணினிகளில் மாவு, தச்சுப் பட்டறைக் கணினிகளில் மரத்தூள், வீட்டுக் கணினிகளில் பூனை முடி. இது வேறாக இருந்தது. சாம்பல் வெள்ளையில், முகத்துக்குப் போடும் பவுடரைப்போல நைசாக, எல்லாவற்றின் மேலும் ஒரே சீராகப் படிந்திருந்தது. பின்பக்க விசிறி ஒன்று ஓடாமல் நின்றிருந்தது. அதன் கம்பியை யாரோ கவனமாகக் கழற்றி, முனையில் டேப் சுற்றி ஓரமாகக் கட்டி வைத்திருந்தார்கள்.

சின்ன ஒலிபெருக்கியை மாட்டி எழுப்பினார். நீளமாக ஒரு பீப். இடைவெளி. மறுபடி நீளமாக ஒன்று. அவர் முகம் தெளிந்தது. "நினைவகந்தான். பல்லிடுக்குல தூசி போயிருக்கு. ஊதிட்டு, துடைச்சு மாட்டினா முடிஞ்சுது. அஞ்சு நிமிஷம்."

அவருடைய பையில் எப்போதும் ஓர் ஊதுகருவி உண்டு. துப்பாக்கி மாதிரிப் பிடி, நீண்ட மூக்கு. அதைச் சுவர்ப் பிளக்கில் சொருகி மூக்கைப் பெட்டிக்குள் நீட்டினார். விசையை அழுத்தும் முன் உலையக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம் சார்."

"மெதுவாத்தாம்மா ஊதுவேன். ஒண்ணும் ஆகாது."

"மிஷினுக்குச் சொல்லல." பக்கத்துக் கதவைக் காட்டினாள். "சாம்பல் எடுக்கிற ரூம் அது. எவ்வளவு பாத்து எடுத்தாலும் கொஞ்சம் காத்துல வந்துரும். இது வெறும் தூசி இல்ல சார்."

விளக்கம் சார் கையை எடுத்துக்கொண்டார். ஊதுகருவி திடீரென்று கனத்தது.

இங்கே யாரும் துடைப்பத்தால் கூட்டுவதில்லை, உறிஞ்சும் கருவி வைத்துக்கொள்வதில்லை என்று அவள் சொன்னாள். மென்மையான தூரிகையால் ஒற்றி எடுத்து, ஒரு மண் குடுவையில் சேர்த்து, பின்சுவர் ஓரத்தில் இருக்கும் செடிப்பாத்தியில் போடுவார்கள். யார் யாருடையது என்று பிரிக்க முடியாது. ஆனால் யாரோ ஒருவருடையது. காலில் மிதிபடக் கூடாது. அவளுக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் எழுதி வைத்த விதி ஒன்றுமில்லை. எல்லோரும் அப்படிச் செய்தார்கள், அவளும் செய்கிறாள்.

"அந்தப் பின்னாடி ஃபேனு?" என்று கேட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் கழட்டினேன். உள்ள போனதை எல்லாம் அது வெளியே ஊதி நடைபாதையில தள்ளுச்சு. ஜனங்க செருப்புக் காலோட நடக்கிற இடம். மனசு கேக்கல."

அவர் அவளைக் கோபிக்க நினைத்து, முடியாமல் போனார். ஆனால் பொய் சொல்லவும் வராது அவருக்கு. உள்ளதைச் சொன்னார். முன் விசிறி காற்றை உள்ளே இழுக்கும், பின் விசிறி வெளியே தள்ளும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு மூச்சு. வெளிமூச்சை நிறுத்திவிட்டால் உள்ளே வந்தது எல்லாம் உள்ளேயே தங்கும், சூடும் தங்கும். சூட்டில் அட்டை ஒரு மயிரிழை விரியும், ஆறினால் சுருங்கும். அப்படி விரிந்து சுருங்கும்போது பல்லிடுக்கில் தூசி ஏறும். எலும்புச் சாம்பலில் உப்பு உண்டு. மழைக்காலத்து ஈரம் சேர்ந்தால் அது பல்லில் ஒட்டிக்கொள்ளும்.

"அப்ப நாந்தான் கெடுத்திருக்கேன்" என்றாள்.

"நல்லது நினைச்சுத்தான் செஞ்சிருக்கீங்க."

"அது அந்தம்மாவுக்கு என்ன உதவி?"

தூரிகையால் எடுத்தால் எவ்வளவு நேரமாகும் என்று அவள் கேட்டாள். பெட்டி முழுக்க, இடுக்கு இடுக்காக, ஒரு மணி நேரம் போகும் என்றார். பிறகும் எழவில்லை என்றால் அடுத்த காரணத்தைத் தேட நேரம் மிஞ்சாது.

கதவருகே நின்ற மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். "ஏங்க, உங்க ரெண்டு பேருக்கும் மனசாட்சி இருக்கா? என் அக்கா அங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கா. அஞ்சு நிமிஷத்துல முடியறதை ஒரு மணி நேரம் கொஞ்சிக்கிட்டே செய்வீங்களா? ஊதுங்க சார். பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

விளக்கம் சார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக விளக்கம் சொல்ல எதுவும் வரவில்லை.

அப்போதுதான் அந்த அம்மாள் அங்கே வந்து நிற்பதை மூவரும் பார்த்தார்கள். தம்பியின் குரல் காத்திருப்பு அறைவரை கேட்டிருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியை மூடிய கையோடு உள்ளே வந்து, திறந்திருந்த கணினிப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது இங்க எரிச்சவங்களோடதா?"

"ஆமாம்மா. எல்லாரோடதும் கொஞ்சம் கொஞ்சம்" என்றாள் உலையக்கா.

"என் பொண்ணோடதும் இப்படிக் கொஞ்சம் தங்கிருமா?"

உலையக்கா அம்மாளை நேராகப் பார்த்தாள். தேற்றுவதற்காக எதையும் சொல்கிற ஆள் அவள் இல்லை. "தங்கும்மா. எவ்வளவு பாத்தாலும் கண்ணுக்குத் தெரியாம ஒரு சிட்டிகை தங்கிரும். அதை நாங்க மிதிக்க விடமாட்டோம்."

அம்மாள் தம்பியின் பக்கம் திரும்பினார். "ஊத வேணாம்டா."

"அக்கா, நேரமாயிரும். அப்புறம் பெட்டியத் திரும்ப ஏத்தணும். உன்னால முடியாதுன்னு நீதானே சொன்னே?"

"முடியாதுதான். ஏத்தினா ஏத்துவோம். வேற ஒருத்தங்க பிள்ளைய ஊதித் தள்ளிட்டு என் பிள்ளைய அனுப்ப மாட்டேன்."

மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "நான் என்ன பிடிக்கணும், சொல்லுங்க" என்றார் விளக்கம் சாரிடம், இன்னும் கோபம் தணியாத குரலில்.

வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடிக்கச் சொன்னார். உலையக்கா தூரிகைகளைக் கொண்டுவந்தாள். கணினிப் பெட்டியைப் படுக்கவைத்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, தாளின் மேல் வைத்து ஒற்றினார்கள். பேசிக்கொண்டே செய்தால் கை நிதானமாக ஓடும் என்பது விளக்கம் சாரின் பழைய அனுபவம். அதனால் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வேலை செய்தார். இது மூளை, இதன் மேல் இருப்பது அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகச் சீப்பு. இது உலைக்குப் போகும் கம்பி. அந்த அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து, பாடம் கேட்பவரைப்போல ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை, "அவளும் இப்படித்தான். எதைக் குடுத்தாலும் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் விடுவா" என்றார். "திரும்ப மாட்டத் தெரியாது" என்றார் மாமா, தாளை அசைக்காமல். அம்மாளின் உதட்டோரம் ஒரு கணம் இளகியது.

நினைவக அட்டைகள் இரண்டு இருந்தன. பென்சில் ரப்பரால் அவற்றின் பற்களை ஒரே திசையில் தேய்த்தார். மங்கியிருந்த நிறம் துலங்கியது. ரப்பர்த் துகளையும் தாளிலேயே விழவிட்டார். பொருத்தும் இடத்தின் இடுக்கை மெல்லிய தூரிகையால் நீவி, அட்டைகளை வைத்து, இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினார். டக் என்று உட்கார்ந்தன.

பொத்தானை அழுத்தினார். நீளமாக ஒரு பீப். இடைவெளி. மறுபடி.

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து தாண்டிவிட்டது.

விளக்கம் சார் பேசுவதை நிறுத்தினார். ஓர் அட்டையைக் கழற்றிவிட்டு எழுப்பினார். பீப். அதை மாட்டி மற்றதைக் கழற்றினார். பீப். இரண்டு அட்டையும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். இடம் மாற்றிப் பொருத்தினார். அப்போதும் அதே முனகல். கண்ணை மூடி யோசித்தார். அட்டையிலும் குறை இல்லை, இடத்திலும் குறை இல்லை என்றால், கணினி பழைய கணக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. முதலில் எழ முயன்று தோற்றபோது நினைவகத்தைப் பற்றித் தப்பாக ஏதோ குறித்து வைத்திருக்கிறது, அதையே நம்புகிறது. அதை மறக்கடிக்க வேண்டும்.

பலகையின் மூலையில் காசு அளவில் ஒரு பேட்டரி இருந்தது. மின்சாரம் இல்லாத நேரத்திலும் சில சின்ன விஷயங்களைக் கணினி மறக்காமல் இருப்பது அதனால்தான். அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். பின்பு பேட்டரியைத் திரும்ப வைத்து, ஒரே ஓர் அட்டையோடு பொத்தானை அழுத்தினார்.

குட்டையாக ஒரே ஒரு பீப். திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக ஏறின.

உலையக்கா சுவரில் சாய்ந்து மூச்சை விட்டாள்.

எழுத்துகள் பாதியில் நின்று, தேதியைக் கேட்டன. பேட்டரியைக் கழற்றியதால் வந்தது அது. இதை அவர் எதிர்பார்த்தார். எல்லாவற்றையும் மறந்த கணினி, தான் உருவான காலத்துக்குப் போய் நிற்கும். பல வருடங்களுக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதி திரையில் மினுக்கிக்கொண்டிருந்தது. சரியான தேதி இல்லாமல் உலை நிரல் திறக்காது. பிடுங்கியிருந்த கம்பிகளைத் திரும்பச் சொருகி, விசைப்பலகையை இழுத்தார்.

"இருங்க" என்றார் அம்மாள்.

அவர் திரையின் அருகே வந்து அந்த வருடத்தை விரலால் தொட்டார். "அப்ப அவ ரெண்டாங்கிளாஸ். ரெண்டு பல்லு விழுந்து, சிரிக்க வெக்கப்பட்டுக்கிட்டு இருப்பா."

விளக்கம் சார் விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நேரம் ஐந்தரை. உலையக்காவும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, மாமாவும் பார்க்கவில்லை. திரையில் அந்த ஜனவரி விட்டு விட்டு மினுக்கியது. உலைக்கூடத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அம்மாள் கையை எடுத்துக்கொண்டார். "இன்னைக்குத் தேதியப் போடுங்க" என்றார்.

போட்டார். நிரல் திறந்தது. உலையக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். காற்று, புகைபோக்கி, கதவு. திரையில் ஒவ்வொன்றும் பச்சையாக மாறியது. ஆறு அடிப்பதற்குச் சற்று முன் சுவருக்கு அப்பால் தீ பற்றும் ஓசை கேட்டது. பெரிய பறவை ஒன்று சிறகை ஒருமுறை விரித்து மடக்கியதைப்போல.

உலை சூடேறும் நேரத்தில் விளக்கம் சார் பின் விசிறியின் கம்பியில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்துத் திரும்ப மாட்டினார். உலையக்காவின் முகம் வாடியது. அவர் அவளிடம் ஒரு மெல்லிய பருத்தித் துணி கேட்டு வாங்கி, நான்காக மடித்து, விசிறியின் வெளிப்பக்கத்தில் இழுத்துக் கட்டினார். அளவுக்குமேல் மடித்தால் மூச்சு முட்டும், குறைவாக மடித்தால் சாம்பல் தப்பிவிடும். கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தார். வந்தது. "காத்து வெளிய போயிரும். மத்தது துணியில நின்னுரும். வாரத்துக்கு ஒரு தடவை கழட்டி, பாத்தியில உதறிட்டு, வேற துணி கட்டிருங்க" என்றார். அவள் துணியைத் தொட்டுப் பார்த்து, தலையை மட்டும் அசைத்தாள்.

பெண்ணின் பெட்டி உலைக்குள் போனபோது அவர் அங்கே இருக்கவில்லை. அது அந்தக் குடும்பத்துக்கானது. தளத்தில் நின்று பையை அடுக்கிக்கொண்டிருந்தார். ஊதுகருவியை அடியில் வைத்து, மேலே மற்றவற்றை வைத்தார். மாமா வெளியே வந்து வண்டியின் பின்கதவைத் திறந்து, காலியான உள்பக்கத்தை ஒருமுறை பார்த்து, மறுபடி சாத்தினார்.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் உலையக்கா குடுவையோடு பின்சுவர்ப் பக்கம் போனாள். அம்மாள் கூடவே நடந்தார். செடிகள் உயரமாக ஒன்றுமில்லை. முழங்கால் அளவு, சின்ன இலைகள். இருவரும் குனிந்து எதையோ பேசிக்கொண்டார்கள். குடுவையை அம்மாளே வாங்கிக் கவிழ்ப்பது தூரத்திலிருந்து தெரிந்தது.

விளக்கம் சார் கிளம்பியபோதுதான் தன் சட்டைக் கையைப் பார்த்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சாம்பல் வெள்ளைக் கோடு. தட்டிவிடக் கை தானாக எழுந்தது. நிறுத்திக்கொண்டார். பையைத் தளத்தில் வைத்துவிட்டு, கையை மார்போடு அணைத்துப் பிடித்தபடி, அவர்கள் நின்ற பாத்தியை நோக்கி மெதுவாக நடந்தார்.